நான்காவது முறை ஏர் எடுப்பதற்கு முன்

குடியாத்தம் சாலையில் ஒரு ஷெட்டுக்குள், இரண்டு பேர் உட்காரும் விமானத்தைக் கிட்டாக, அதாவது பாகம் பாகமாக, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது:

“சார், இடது பிரேக் பெடல் காலையில் முதல் மிதிக்கு அடி வரைக்கும் போகிறது. ரெண்டு மூணு தடவை மிதித்தால் கெட்டியாகிறது. வலது பக்கம் நேர் எதிர். காலையில் சக்கரம் கையால் தள்ளினாலே சுற்றுகிறது. மதியம் விமானத்தைத் தரையிலேயே நாலு ரவுண்டு டாக்ஸி ஓட்டினால் பிடித்துக்கொள்கிறது. அரை மணி நேரம் நின்றால் தானாகவே விட்டுவிடுகிறது. மூணு முறை ஏர் எடுத்துவிட்டேன், சரியாகவில்லை. நடுவில் ஆயில் கொஞ்சம் குறைந்திருந்தது, பக்கத்து கார் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் ஆயில் வாங்கி ஊற்றினேன். என்ன செய்யலாம்?”

தம்பி, பிரேக் குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்றும் அந்த ‘ஏர் எடுக்கும்’ வேலையை நாலாவது முறை செய்ய வேண்டாம். ஸ்பேனரைக் கீழே வையுங்கள். போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன கடைசி வரியில்தான் பாதி பதில் இருக்கிறது.

கார் கடையில் “பிரேக் ஆயில்” என்று கேட்டால் கொடுப்பது டாட் 3 அல்லது டாட் 4. பெயரில்தான் ஆயில், உண்மையில் அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகைத் திரவம், தண்ணீரோடு கலந்துவிடும். உங்கள் கிட்டோடு வரும் சிறிய விமானப் பிரேக்குகள் பெரும்பாலும் 5606 என்ற எண்ணுள்ள சிவப்பு எண்ணெய்க்காகச் செய்தவை. அது கனிம எண்ணெய். அதற்குப் பதில் தீப்பிடிக்கும் அபாயம் குறைந்த 83282 என்ற சிவப்பு எண்ணெயையும் ஊற்றலாம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாது. ஆனால் சிவப்பு எண்ணெயும் டாட் திரவமும் ஒரே குழாயில் இருக்கவே கூடாது. சில தயாரிப்பாளர்கள் டாட் திரவத்துக்கென்றே தனி ரப்பர் போட்ட பிரேக்கும் தருகிறார்கள். அதனால் உங்கள் மாஸ்டர் சிலிண்டரோடு (பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் உருளை) வந்த தாளை முதலில் தேடி எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தாள் கிடைக்கிற வரைக்கும் ஒரு டம்ளர் சோதனை. கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர். ஊசி இல்லாத சிரிஞ்சால், எண்ணெய்த் தொட்டியான ரிசர்வாயரின் அடியிலிருந்து இரண்டு மில்லி உறிஞ்சி, தண்ணீர்மேல் மெதுவாக விடுங்கள். சுத்தமான சிவப்பு எண்ணெய் என்றால் மீன் குழம்பின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல வட்ட வட்டமாக மேலேயே நிற்கும். டாட் திரவம் என்றால் சர்பத் ஊற்றியதுபோல நெளிந்து நெளிந்து கீழே இறங்கிக் கரைந்துவிடும். இரண்டும் கலந்திருந்தால் இரண்டையும் பார்ப்பீர்கள்: மேலே வட்டம், கீழே நெளிவு. சக்கரத்தில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் நிப்பிளிலிருந்தும் (ஏர் எடுக்கத் திறக்கும் சின்ன மூக்கு) இதேபோல எடுத்துப் பாருங்கள். நீங்கள் ஊற்றியது ரிசர்வாயரோடு நின்றதா, சக்கரம் வரைக்கும் போய்விட்டதா என்று தெரியும். மூன்று முறை ஏர் எடுத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து அது போயிருக்கும்.

ஏன் இதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், எல்லாம் ரப்பர் விவகாரம். சிவப்பு எண்ணெய்க்கான ஓ-ரிங் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) நைட்ரைல் ரப்பர். டாட் திரவத்துக்கானது ஈபிடிஎம் ரப்பர். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு, கடைக்காரருக்கு இரண்டும் “ரப்பர் ரிங்”. நைட்ரைல் டாட் திரவத்தில் ஊறினால் உப்பி மெத்தென்று ஆகும். நாளாக ஆகக் கெடும். ஈபிடிஎம் சிவப்பு எண்ணெயில் ஊறினால் இன்னும் மோசம், ஊறவைத்த கடலை மாதிரி பெருத்துவிடும். நான் அரக்கோணம் ராஜாளி தளத்தில் நாலு இன்ஜின் டியூ-142 விமானங்களோடு பல வருடம் கிடந்தவன். அந்த மலை மாதிரி விமானத்துக்கும் உங்கள் தட்டான்பூச்சிக்கும் பிரேக் விஷயத்தில் என் சண்டை ஒன்றேதான்: எந்த எண்ணெய், எந்த ரப்பர்.

உப்பிய ஓ-ரிங் ஒன்றே உங்கள் இரண்டு புகாரையும் உண்டாக்க முடியும். மாஸ்டர் சிலிண்டருக்குள் உப்பினால் பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராது, சக்கரம் பிடிக்கும். காலிப்பருக்குள் உப்பினாலும் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். மெத்தென்றாகி ஓரம் பிய்ந்தால் எண்ணெய் பக்கவாட்டில் நழுவும், பெடல் இறங்கும். இது என் முதல் சந்தேகம், தீர்ப்பு இல்லை. டம்ளரில் கலப்படம் தெரியவில்லை என்றால் கீழே சொல்வதெல்லாம் இன்னும் முக்கியம். தெரிந்தாலும் செய்து பாருங்கள், ஏனென்றால் கலப்படத்தோடு வேறு கோளாறும் ஒளிந்திருக்கலாம்.

முதலில் இடது பெடல். “இறங்குகிறது” என்று எல்லோரும் ஒரே வார்த்தையாகச் சொல்கிறோம். அதில் இரண்டு சாதி உண்டு. அடித்து அடித்து மிதித்தால் கெட்டியாகி, அப்புறம் அழுத்திப் பிடித்தால் அங்கேயே நிற்கிறதா? அப்படியானால் உள்ளே காற்று, அல்லது காலிப்பரில் உரசும் பேடுக்கும் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்குக்கும் இடையே அதிக இடைவெளி. மாறாக, கெட்டியான பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே போகிறதா? அது காற்று இல்லை, கசிவு. வெளியே கசிந்தால் தரையில் சொட்டு இருக்கும். வெளியே ஒன்றுமில்லை, ரிசர்வாயர் மட்டமும் குறையவில்லை என்றால் சிலிண்டருக்குள்ளேயே ஓ-ரிங்கைத் தாண்டி எண்ணெய் பின்னால் போகிறது. ஊர் அடிபம்பில் வாஷர் தேய்ந்துவிட்டால் கைப்பிடியை எத்தனை அடி அடித்தாலும் தண்ணீர் குழாய்க்கு வராமல் உள்ளேயே வழிந்துவிடுமே, அதேதான். இந்தக் கோளாறுக்கு ஏர் எடுப்பது குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வாளியை மாற்றுவது மாதிரி.

காற்று ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மாஸ்டர் சிலிண்டர் விட்டம் 16 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பரப்பு ஏறக்குறைய 2 சதுர சென்டிமீட்டர். பெடலை முழுதாக மிதித்தால் பிஸ்டன் 2 சென்டிமீட்டர் நகரும். ஆக ஒரு முழு மிதிக்கு வெளியே போகும் எண்ணெய் வெறும் 4 மில்லி, ஒரு டீஸ்பூன்கூட இல்லை. அதற்குள் 2 மில்லி காற்று மாட்டிக்கொண்டிருந்தால், அழுத்தம் ஏற ஏற அது சுருங்கிப் பாதி மிதியைத் தின்றுவிடும். காரில் ஏர் இருந்தாலும் கொஞ்சம் சமாளிக்கும், பூஸ்டர் இருக்கிறது, பெரிய சிலிண்டர் இருக்கிறது. இங்கே அந்தச் சலுகை கிடையாது. எண்ணெய் இருக்கிறது, அழுத்தம் இல்லை. நீரில்லா ஆறு, ராசா இல்லாத கோட்டை என்று நம் வேலூருக்கு ஒரு பட்டியல் சொல்வார்களே, அதில் உங்கள் இடது பெடலையும் சேர்க்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். பக்கத்து இருக்கைக்கும் பெடல் இருந்தால், அந்தப் பக்கம் உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள். இரட்டைப் பெடல் அமைப்பில் எண்ணெய் வழக்கமாக ரிசர்வாயரிலிருந்து ஒரு இருக்கையின் சிலிண்டருக்கும், அங்கிருந்து மறு இருக்கையின் சிலிண்டருக்கும், பிறகு சக்கரத்துக்கும் போகும். ஒரு இருக்கையில் மட்டும் மெத்தென்றால் அந்தச் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். இரண்டிலும் மெத்தென்றால் கோளாறு அதற்குக் கீழே. இந்த ஐந்து நிமிட வேலை அரை நாள் பிரிப்பு வேலையை மிச்சம் பிடிக்கும்.

இப்போது வலது சக்கரம். எனக்கு இதுதான் அதிகக் கவலை. நிற்காத பிரேக்காவது மிதித்த உடனே தெரிந்துவிடும். விடாத பிரேக் சத்தமில்லாமல் சூடேற்றிக்கொண்டே இருக்கும்.

மாஸ்டர் சிலிண்டருக்குள், பெடல் முழுதாகப் பின்னால் வந்து நிற்கும் இடத்தில் மட்டும் திறக்கும் ஒரு சின்ன வழி உண்டு. அந்த வழியாகத்தான் சூட்டில் பெருகிய எண்ணெய் ரிசர்வாயருக்குத் திரும்பும். பிஸ்டன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட்டால் வழி அடைபடும். பெருகிய எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை, அது காலிப்பரைத்தான் தள்ளும். பேட் டிஸ்கை உரசும், உரசலில் இன்னும் சூடு, சூட்டில் இன்னும் பெருக்கம். 50 மில்லி எண்ணெய் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லி பெருகும். 38 மில்லிமீட்டர் காலிப்பர் பிஸ்டனுக்கு அது ஒரு மில்லிமீட்டருக்கும் மேலான நகர்வு. பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே அவ்வளவு இடமே கிடையாது. காலையில் சுற்றுகிறது, மதியம் பிடிக்கிறது, ஆறினால் விடுகிறது என்ற உங்கள் விவரம் இதோடு அப்படியே பொருந்துகிறது. நம் ஊர் மே மாத மதியத்தில், வெயிலில் நின்ற தகரமே கையைச் சுடும்போது, எண்ணெய் பெருகாமல் என்ன செய்யும்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. மொத்தப் பதிலில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். மதியம் சக்கரம் பிடித்த உடனே இன்ஜினை நிறுத்துங்கள், மூக்குச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டிஸ்கைத் தொடாதீர்கள், கொஞ்சம் தள்ளி நின்று கையைக் காட்டினாலே சூடு தெரியும். வலது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஜாக் வையுங்கள். நிப்பிளில் ஒரு ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி மறுமுனையைப் பாட்டிலுக்குள் விடுங்கள். சூடான டிஸ்கில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. இப்போது நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். எண்ணெய் பீச்சிக்கொண்டு வந்து சக்கரம் உடனே விட்டால், அழுத்தம் மேலே சிறைப்பட்டிருந்தது: மாஸ்டர் சிலிண்டர், பெடல் அமைப்பு, பார்க்கிங் பிரேக் வால்வு, இந்த மூன்றில் ஒன்று. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால், மேலே ஒன்றும் இல்லை, காலிப்பரிலேயே இரும்போ ரப்பரோ பிடித்திருக்கிறது.

மேலே என்றால் பெடலிலிருந்து தொடங்குங்கள். தள்ளுகம்பியைப் பெடலோடு கோர்க்கும் கிளெவிஸ் பின்னைக் கழற்றிவிட்டு, சிலிண்டர் தண்டு தானாக இன்னும் வெளியே வருகிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வந்தால்கூடக் குற்றவாளி கிடைத்துவிட்டான்: பெடல் எங்கேயோ இடித்து, தண்டை முழுதாகத் திரும்ப விடாமல் பிடித்திருக்கிறது. தண்டின் நீளத்தைச் சரிசெய்தால் போதும். கட்டும்போது இரண்டு பெடலும் ஒரே வரிசையில் அழகாகத் தெரிய வேண்டும் என்று தண்டைத் திருகி நீளம் மாற்றியிருப்பீர்கள். நிறையப் பேர் செய்வதுதான். தண்டு அசையவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்வோ, உப்பிய ஓ-ரிங்கோ. ரிசர்வாயர் மூடியில் காற்றுத் துளை அடைந்திருக்கிறதா, விளிம்பு வரைக்கும் எண்ணெய் நிரப்பியிருக்கிறீர்களா என்றும் ஒரு பார்வை பாருங்கள். பெருகும் எண்ணெய்க்கு மேலே காலியிடம் வேண்டும்.

கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு கேள்வி. டாக்ஸி ஓட்டும்போது உங்கள் கால் எங்கே இருக்கிறது? குதிகால் தரையில், விரல் அடிப்பகுதி ரடர் (வாலிலுள்ள சுக்கான்) பட்டையில் இருக்க வேண்டும். பெரிய ஷூ போட்டுக்கொண்டு பாதத்தை மேலே வைத்தால், நமக்கே தெரியாமல் வலது பெடலை உரசிக்கொண்டிருப்போம். ஒரு தடவை ஷூவைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு முழு வாரம் காலிப்பரைப் பிரித்துப் பிரித்து மாட்டிய ஒருவரின் பிரேக் ‘ரிப்பேர்’, கடைசியில் மெல்லிய அடியுள்ள செருப்பில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காலிப்பர்தான் பிடிக்கிறது என்றால் விஷயம் எளிது. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். பிஸ்டன் உள்பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு வழிகாட்டிப் பின்களில் வழுக்கி வந்து வெளிப்பேடை இழுக்கும். திரும்ப இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பின்கள் துருப்பிடித்தாலோ மண் ஒட்டினாலோ வழுக்காது, அவ்வளவுதான். மண் பாதையில் ஓட்டுகிறீர்கள், ஆகவே பின்களில் கிரீஸ் தடவாதீர்கள். கிரீஸும் செம்மண் புழுதியும் சேர்ந்தால் அரைக்கும் பேஸ்ட் ஆகிவிடும். துணியால் துடைத்து, காய்ந்த படலமாக நிற்கும் லூப்ரிகன்ட் ஸ்பிரே போதும். டிஸ்க் கோணலா என்றும் பார்த்துவிடுங்கள்: ஒரு கம்பியை நிலையாகக் கட்டி அதன் முனையை டிஸ்க் ஓரத்தில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். கோணல் டிஸ்க் பிஸ்டனைப் பின்னால் தட்டிவிடும். அடுத்த முதல் மிதி அடி வரைக்கும் போகும். உங்கள் இடது பக்கத்துக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் அங்கேயும் பாருங்கள்.

டம்ளரில் கலப்படம் உறுதியானால் குறுக்குவழி கிடையாது. “புது எண்ணெயை நிறையத் தள்ளினால் பழசு வெளியே போய்விடும்” என்று யாராவது சொல்வார்கள். திரவம் போகும், ரப்பருக்குள் ஊறியது போகாது. எல்லாவற்றையும் வடித்துவிட்டு, சிலிண்டர்களையும் காலிப்பர்களையும் வால்வையும் பிரியுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் உலோகப் பாகங்களையும் குழாய்களையும் கழுவி, காற்றடித்து முழுதாகக் காயவிடுங்கள். ரப்பர் எல்லாம் புதிது. ரப்பர் ஹோஸ் இருந்தால் அதுவும் புதிது. பெட்ரோலும் தின்னரும் பக்கத்தில்கூட வர வேண்டாம். டாட் திரவம் பெயின்ட்டையும் உரித்துவிடும், அதனால் சொட்டிய இடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுங்கள். பழைய ஓ-ரிங்குகளைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒன்றைப் புதியதின் பக்கத்தில் வைத்து வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். என் சந்தேகம் சரியா தவறா என்பது அந்த அளவில் தெரிந்துவிடும்.

புதிய ஓ-ரிங் கிட்காரரிடமிருந்தே வாங்குங்கள். இராணிப்பேட்டை சிப்காட் பக்கம் எந்த அளவிலும் ரிங் கிடைக்கும்தான். அது எந்த ரப்பர் என்று எழுதிக் கொடுப்பவர்தான் அரிது. சந்தேகம் வந்தால் அதிலிருந்து ஒன்றை எடுத்து, நீங்கள் ஊற்றப்போகும் எண்ணெயில் இரண்டு மூன்று நாள் போட்டுவைத்து முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பெருத்துப்போனால் அந்தப் பொட்டலம் முழுவதும் வேண்டாம். பெருக்கவில்லை என்பதால் மட்டும் அது சரியான ரிங் ஆகிவிடாது.

குழாய் இணைப்புகளில் இரண்டே எச்சரிக்கை. விமானத்தில் குழாய் முனையை விரிக்கும் கோணம் 37 டிகிரி, காரில் 45 டிகிரி. கார் மெக்கானிக்கின் கருவியால் விரித்தால் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இறுக்கினால் இறுகும், பிறகு கசியும். கூம்புபோலச் சரிவான மரையுள்ள இணைப்புகளில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள், அதற்கான பேஸ்ட் தடவுங்கள். கிழிந்த டேப் துணுக்கு ஒன்று அந்தச் சின்ன வழியில் போய் உட்கார்ந்தால் மறுபடியும் “மதியம் பிடிக்குது சார்” என்று கேள்வி அனுப்புவீர்கள். காலிப்பர் பக்கத்தில் பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தால் கடைசி ஒரு முழத்துக்காவது எஃகு வலை போர்த்திய ஹோஸ் மாட்டுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகும். இளகாவிட்டாலும் அழுத்தத்தில் விரிந்து பெடலை மெத்தென்றாக்கும், அதை எத்தனை முறை ஏர் எடுத்தாலும் போகாது.

இப்போது ஏர் எடுக்கலாம். காரில் செய்வதுபோல ஒருவர் மிதிக்க ஒருவர் நிப்பிளைத் திறக்க வேண்டாம். மேலிருந்து கீழே தள்ளினால் குமிழி மேலே ஏறவே பார்க்கும். நம்முடைய டீஸ்பூன் அளவு மிதிக்கு அதைக் கீழே இழுக்கத் தெம்பு போதாது. கீழிருந்து மேலே தள்ளுங்கள். கை எண்ணெய்ப் பம்பு ஒன்றில் சிவப்பு எண்ணெய் நிரப்பி, முனையில் ஒளி ஊடுருவும் குழாய் மாட்டி, குழாயிலுள்ள காற்று போகும் வரை நாலு அடி அடித்து, முனையில் எண்ணெய் திரண்டு நிற்கும்போதே நிப்பிளில் சொருகுங்கள். நிப்பிளைத் திறந்து மெதுவாக அடியுங்கள், அவசரமே வேண்டாம். மேலே இன்னொருவர் ரிசர்வாயரைப் பார்த்துக்கொண்டு, நிறைய நிறையச் சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். முதலில் பொலபொலவென்று குமிழி வரும், அப்புறம் ஒன்றிரண்டு, அப்புறம் நிற்கும். நின்ற பிறகும் இருபது அடி அடியுங்கள். அடிக்கும் அழுத்தம் இருக்கும்போதே நிப்பிளை மூடுங்கள். இவ்வளவுக்கும் பெடல்கள் முழுதாகப் பின்னால் இருக்க வேண்டும், பார்க்கிங் பிரேக் விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன சின்ன வழி மூடியிருக்கும், நீங்கள் அடிக்கிற எண்ணெய் போக இடமில்லாமல் குழாய் பிய்த்துக்கொண்டு முகத்தில் பீச்சும்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று. ஓய்வுபெற்ற புதிதில் நண்பர் ஒருவரின் சிறிய விமானத்துக்கு ஏர் எடுக்கப் போனேன். கீழிருந்துதான் தள்ளினேன், முறையாகத்தான் செய்தேன். ஐந்து முறை. ஐந்து முறையும் பெடல் வெண்ணெய்க்கட்டி. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது: பிரேக் குழாய் சக்கரத்தைத் தாங்கும் கால் சட்டத்தோடு ஏறி, இருக்கைக்கு அடியில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு வளைவு வளைந்து, மறுபடி இறங்கி சிலிண்டருக்குப் போனது. காற்று அந்தத் திமிலில் சுகமாக உட்கார்ந்திருந்தது. கிளாம்பைக் கழற்றிக் குழாயைச் சரிவாக மாற்றிக் கட்டினோம், ஆறாவது முறை பத்து நிமிடத்தில் முடிந்தது. நீங்கள் குழாயைத் தொடர்ந்து விரலை ஓட்டிப் பாருங்கள். எங்காவது ஏறி இறங்கினால் அங்கே நில்லுங்கள். காலிப்பரும் அப்படித்தான்: எண்ணெய் நுழையும் குழாய் இணைப்பு மேலேயும் நிப்பிள் கீழேயும் இருக்கிறதா? இடதும் வலதும் மாறி மாட்டியிருந்தால் தலைகீழாக நின்று உள்ளே ஒரு காற்றுப் பை தங்கிவிடும். ‘இடது மட்டும்’ என்று வரும் கோளாறுகளில் இதைக் கட்டாயம் பார்ப்பேன்.

பேடைப் பற்றிக் கொஞ்சம். பேடில் டிஸ்கை உரசும் பகுதிதான் லைனிங். எண்ணெய் ஊறிய லைனிங்கைச் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள். இந்த வகைக் காலிப்பர்களில் வழக்கமான தேய்மான வரம்பு 2.5 மில்லிமீட்டர்; டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். புது லைனிங்கைப் பழக்கப்படுத்தாமல் விட்டால் மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறி, பெடல் கல்லாக இருந்தும் விமானம் நிற்காது. ஆர்கானிக் லைனிங் என்றால் இன்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 1700 சுற்றில் வைத்து, பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி மெதுநடை வேகத்துக்குக் கொஞ்சம் மேலே, 450 மீட்டர் தூரம் ஓட்டச் சொல்வார்கள்; பிறகு கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். உலோக லைனிங்குக்கு முறை வேறு, தாளில் இருக்கும். பழக்கப்படுத்திய பின் நிறுத்திவிட்டுப் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

சூட்டின் அளவு தெரிந்துகொள்ள ஒரு கணக்கு: 600 கிலோ விமானம் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக்கால் மட்டும் நின்றால் ஏறக்குறைய 148 கிலோ ஜூல் சூடாக மாறும். ஒன்றேகால் கிலோ எஃகு டிஸ்க் இரண்டு பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றும் 120 டிகிரிக்கு மேல் ஏறும். நம் ஊர் 42 டிகிரியில் தொடங்கினால் 160. ஆறவிடாமல் இரண்டாவது முறை நிறுத்தினால் 280. சிவப்பு 5606 எண்ணெயின் தீப்பற்றும் நிலை 82 டிகிரியிலேயே தொடங்கலாம்; 83282 எண்ணெய்க்கு அது 205 டிகிரி. எல்லாவற்றையும் பிரித்துவிட்டீர்கள் என்பதால், கிடைத்தால் இந்த இரண்டாவதையே நிரப்புங்கள். தீயணைப்பான் ஷெட்டில் இருந்து பயனில்லை, பாதை ஓரத்தில் ஆள் கையில் இருக்க வேண்டும். சக்கரக் கவசங்களைச் சோதனை முடியும் வரை மாட்டாதீர்கள். காய்ந்த புல்மேல் சூடான சக்கரத்தோடு நிறுத்தாதீர்கள்.

மாட்டிய பிறகு இரண்டு பெடலையும் பலமாக மிதித்து ஐந்து நிமிடம் பிடியுங்கள். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ தாளால் ஒற்றிப் பார்க்கட்டும். சிவப்பு எண்ணெயின் நல்ல குணம், துளி கசிந்தாலும் தாளில் பொட்டு வைத்ததுபோலக் காட்டிக்கொடுத்துவிடும். ராத்திரி அப்படியே விட்டு, காலையில் முதல் மிதியைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் மதிய வெயிலில் நாலு ரவுண்டு ஓட்டி, அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு டிஸ்கையும் அளந்து எழுதுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் எகிறினால் நிப்பிள் சோதனைக்குத் திரும்புங்கள். இன்ஜினை வேகப்படுத்திப் பிரேக் தாங்குகிறதா என்று பார்ப்பதானால் வாலைப் புளியமரத்திலோ ஆழமாக அடித்த முளையிலோ கட்டிவிட்டுச் செய்யுங்கள். புரொப்பெல்லருக்கு முன்னால் நாய்கூட நிற்கக்கூடாது. எந்த எண்ணெய், எந்த ரிங், எந்தத் தேதி என்பதைக் கட்டுமானப் பதிவேட்டில் எழுதுங்கள், டாட் ஊற்றியதையும் சேர்த்து. பறக்கும் அனுமதிக்குப் போகும் நாளில் அந்தப் பக்கம் உங்களுக்குத்தான் துணை.

கை எண்ணெய்ப் பம்பு இல்லையென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, காட்பாடி வரும்போது வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் தையல் மிஷினுக்கு எடுத்துவிடக்கூடாது என்று அதன் வயிற்றில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். வரும்போது கழற்றிய பழைய ஓ-ரிங்குகளைக் கொண்டுவாருங்கள், அளந்து பார்ப்போம். மிச்சமிருக்கும் டாட் பாட்டிலை ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.